‘ஒரு ஸ்பூன் தண்ணீர்கூடக் கூடாதா?’: கழுத்தில் ட்யூப் இருப்பவருக்கு விழுங்கும் பயிற்சி

கேள்வி: எங்களுக்கு உசிலம்பட்டி பக்கம் கிராமம். அப்பாவுக்கு 61 வயது, விவசாயி. உண்ணிக் காய்ச்சல் வந்து நுரையீரல் பாதித்ததால் மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியில் ஐ.சி.யூ.வில் சேர்த்தோம். வாய் வழியாக ட்யூப் போட்டு 12 நாள் வென்டிலேட்டரில் இருந்தார். அப்புறம் கழுத்தில் துளை போட்டு ட்யூப் வைத்தார்கள். இப்போது வென்டிலேட்டர் தேவைப்படவில்லை, நினைவு தெளிவாக இருக்கிறது. மூக்கு ட்யூப் வழியாகத்தான் பாலும் கஞ்சியும் போகிறது. தண்ணீர் கேட்டுக் கையைக் காட்டிக்கொண்டே இருக்கிறார். ஸ்பீச் தெரபிஸ்ட் தினமும் வந்து நாக்கை நீட்டச் சொல்கிறார், வாய்க்குள் ஐஸ் குச்சியால் தடவுகிறார், எச்சிலை விழுங்கச் சொல்கிறார். வாயில் ஒன்றும் கொடுக்காமல் இது என்ன பயிற்சி? போன வாரம் அம்மா அழகர்கோயில் தீர்த்தம் ஒரு ஸ்பூன் வாயில் விட்டார். அப்பா இருமவே இல்லை, நன்றாக விழுங்கினார். ஆனால் மறுநாள் காய்ச்சல். சிஸ்டர் திட்டியதிலிருந்து அம்மா ஐ.சி.யூ. பக்கமே வர மறுக்கிறார். காய்ச்சலுக்குத் தீர்த்தம்தான் காரணமா? யூடியூபில் பார்த்த தலை தூக்கும் பயிற்சியைச் செய்ய வைக்கலாமா? வீட்டுக்குக் கூட்டிப் போனால் நாமே கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட வைத்துவிடலாம் என்கிறார் சித்தப்பா. என்ன செய்வது?

பதில்: முதலில் அம்மாவை ஐ.சி.யூ.வுக்குத் திரும்ப வரச் சொல்லுங்கள். அந்த ஒரு ஸ்பூனால்தான் காய்ச்சல் வந்தது என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. கழுத்தில் ட்யூப் உள்ளவருக்குக் காய்ச்சல் வரப் பல வழி உண்டு. அவருடைய சொந்த எச்சிலே தொண்டையில் தேங்கி, இரவும் பகலும் சிறிது சிறிதாக மூச்சுக்குழாய்க்குள் கசிந்துகொண்டிருக்கலாம். மனிதனுக்கு ஒரு நாளில் அரை லிட்டரிலிருந்து ஒன்றரை லிட்டர் வரை எச்சில் சுரக்கிறது. அதற்கு முன்னால் ஒரு ஸ்பூன் தீர்த்தம் பெரிய அளவே இல்லை. சிஸ்டர் பதறியதில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஏன் கூடாது என்று முன்கூட்டியே உங்களை உட்கார வைத்து யாராவது விளக்கியிருந்தால் இது நடந்திருக்காது. நம் ஊர் ஐ.சி.யூ.க்களில் ‘வாயில் ஒன்றும் கொடுக்காதீங்க’ என்று சொல்ல ஆள் இருக்கிறது, காரணம் சொல்லத்தான் நேரம் இருப்பதில்லை.

உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்த வரி வேறு. ‘இருமவே இல்லை, நன்றாக விழுங்கினார்’ என்று எழுதியிருக்கிறீர்கள். நல்ல நிலையில் இருக்கும் ஒருவருக்கு ஒரு சொட்டுத் தண்ணீர் தவறான பாதையில் போனாலும் புரை ஏறி, கண்ணில் நீர் வர இருமிவிடுவார். பல நாள் ட்யூபோடு இருந்தவருக்குத் தொண்டையின் உணர்ச்சி மழுங்கியிருக்கலாம். தண்ணீர் நேராக நுரையீரல் பக்கம் இறங்கினாலும் உடம்புக்குத் தெரியாது. இருமலும் வராது, முகமும் மாறாது. ஆகவே அப்பா இருமவில்லை என்பதை வைத்து அவர் சரியாக விழுங்கினார் என்று முடிவு கட்ட முடியாது. தொண்டைக்குள் பார்த்துச் சோதிக்கும் வரை அது தெரியாத விஷயம்தான்.

விழுங்குவதை நாம் ஒரு வேலையாகவே நினைப்பதில்லை. உண்மையில் வாய், நாக்கு, தொண்டை, குரல்வளை என்று முப்பது ஜோடிக்கு மேற்பட்ட தசைகள் சேர்ந்து ஓரிரு வினாடிக்குள் முடிக்கும் வேலை அது. காற்றும் சோறும் தொண்டையில் ஒரே வழியாகத்தான் வருகின்றன. ரயில் வரும்போது லெவல் கிராசிங்கில் கேட்டைப் போடுவது மாதிரி, விழுங்கும் நொடியில் மூச்சு நின்று, குரல்வளை மேலேறி, குரல் நாண்கள் இறுக மூடி, உணவுக்குழாயின் வாய் திறக்கிறது. உணவு இறங்கியதும் பெரும்பாலும் மூச்சை வெளியே விடுகிறோம். இந்த நேரக்கணக்கு ஒரு வினாடி பிசகினாலும் புரைதான்.

அப்பாவுக்கு என்ன நடந்தது என்று பாருங்கள். வாய் வழியாகப் போட்ட ட்யூப் இரண்டு குரல் நாண்களுக்கு நடுவே 12 நாள் இருந்தது. அங்கே வீக்கமும் புண்ணும் வருவது சகஜம். அத்தனை நாளும் மயக்க மருந்தில் இருந்ததால் அவர் விழுங்கவே இல்லை. உழைக்காத தசை எவ்வளவு சீக்கிரம் கரையும் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு: 2013-இல் வெளியான ஆய்வு ஒன்றில், ஐ.சி.யூ. நோயாளிகளின் தொடைத் தசை முதல் 10 நாளிலேயே சராசரியாகக் கிட்டத்தட்ட 18 சதவீதம் சுருங்கியிருந்தது. தொண்டைத் தசைகளை அப்படி அளப்பது கடினம். ஆனால் வேலை இல்லாத தசைக்கு அங்கேயும் அதே கதிதான். ட்யூப் எடுத்த பிறகு எத்தனை பேருக்கு விழுங்குவதில் சிக்கல் வருகிறது என்று பார்த்த ஆய்வுகள் 3 சதவீதத்திலிருந்து 62 சதவீதம் வரை ஆளுக்கொரு எண் சொல்கின்றன. எத்தனை நாள் ட்யூப் இருந்தது, எப்படிச் சோதித்தார்கள் என்பதைப் பொறுத்து இந்த எண் மாறுகிறது. நாள் கூடக் கூடச் சிக்கலும் கூடும் என்பதுதான் பொதுவான போக்கு.

இப்போது கழுத்து ட்யூப். மூச்சுக்காற்று கழுத்து வழியாகவே போய் வருவதால் தொண்டைக்கும் மூக்குக்கும் காற்றே வருவதில்லை. அதனால் வாசனை தெரியாது, குரல் வராது, இருமினாலும் அழுத்தம் இருக்காது. ட்யூபின் முனையில் காற்று ஊதிய சின்ன பலூன் இருக்கிறதே, அது எல்லாவற்றையும் அடைத்துக் காக்கும் என்று பலர் நம்புகிறார்கள். அடைப்பது உண்மை, முழுவதும் அடைப்பதில்லை. பலூனுக்கு மேலே தேங்கியது ஓரமாகக் கசிந்து இறங்கும். போதாததற்கு, ஊதிய பலூன் குரல்வளை மேலே ஏறுவதையும் கொஞ்சம் தடுக்கலாம்.

ஸ்பீச் தெரபிஸ்ட் செய்வது இங்கேதான் வருகிறது. விழுங்கும் தசைகளுக்கு முக்கியமான உடற்பயிற்சி விழுங்குவதுதான். உணவு ஆபத்து என்பதால் அந்த இடத்தில் எச்சிலை வைத்துச் செய்கிறோம். ஐஸ் குச்சியால் தொண்டையின் நுழைவாயிலில் இரண்டு பக்கமும் தடவுவது, அங்கே மழுங்கிக் கிடக்கும் உணர்ச்சியை எழுப்பி விழுங்குதலைத் தூண்டுவதற்கு. தடவியவுடன் ‘விழுங்குங்க ஐயா’ என்று சொல்வார், கவனித்திருப்பீர்கள். தூண்டுதலும் விழுங்குதலும் சேர்ந்தால்தான் அது பயிற்சி. வெறுமனே தடவிவிட்டுப் போனால் வாய் ஜில்லென்று இருக்கும், அவ்வளவுதான்.

நாக்குப் பயிற்சி விளையாட்டுப் போலத் தெரியலாம். உணவை உருட்டிப் பின்னால் தள்ளும் பெரிய விசை நாக்குதான். நீட்டி மடக்குவதோடு நிறுத்தாமல், ஸ்பூனின் பின்பக்கத்தை நாக்கில் வைத்து எதிர்த்துத் தள்ளச் சொல்ல வேண்டும். நாக்கை மேல் அண்ணத்தில் அழுத்திச் சில வினாடி பிடிக்கச் சொல்ல வேண்டும். எதிர்ப்பு இல்லாமல் எந்தத் தசையும் பலம் பெறாது. அடுத்தது, பலம் கொடுத்து விழுங்குவது: பெரிய மாத்திரையை விழுங்குவதாக நினைத்துக்கொண்டு முழு வலுவோடு எச்சிலை விழுங்கச் சொல்வோம். அது பழகிய பிறகு, விழுங்கும்போது மேலே ஏறும் குரல்வளையை இரண்டு மூன்று வினாடி மேலேயே பிடித்து நிறுத்தச் சொல்வோம். இதைச் சொல்லிப் புரிய வைக்க முடியாது. நோயாளியின் விரலை எடுத்து அவருடைய தொண்டை முடிச்சில் வைத்து, அது ஏறி இறங்குவதைத் தொட்டு உணர வைத்தால்தான் பிடிபடும். கழுத்து ட்யூப் இருக்கும்போது கை வைக்க இடம் குறைவு, அதனால் தெரபிஸ்ட் பக்கத்தில் இருக்கும்போது மட்டும்.

யூடியூபில் நீங்கள் பார்த்தது, மல்லாந்து படுத்துத் தோளைத் தூக்காமல் தலையை மட்டும் தூக்கிக் கால்விரலைப் பார்ப்பதாக இருக்கும். ஒரு நிமிடம் தூக்கிப் பிடித்து ஒரு நிமிடம் ஓய்வு என மூன்று முறை, அப்புறம் பிடிக்காமல் 30 முறை. இதை நாளுக்கு மூன்று வேளை, ஆறு வாரம் செய்வது. உணவுக்குழாயின் வாய் சரியாகத் திறக்க உதவும் நல்ல பயிற்சி, 1990-களிலிருந்து உலகம் முழுக்கச் செய்கிறார்கள். ஆனால் அப்பாவுக்கு இப்போது வேண்டாம். கழுத்தில் ட்யூபோடு தலையைத் தூக்கினால் ட்யூப் உள்ளே உரசும். எழுந்து உட்காரவே தெம்பில்லாதவரை மல்லாந்து படுக்க வைத்துக் கழுத்தை வேலை வாங்கினால் மூச்சு வாங்கும். ட்யூப் எடுத்துப் புண் ஆறிய பிறகு தெரபிஸ்டைக் கேட்டுச் செய்யலாம். நாக்கைப் பல்லுக்கு நடுவே கடித்துக்கொண்டு விழுங்கும் பயிற்சியும் இணையத்தில் நிறையச் சுற்றுகிறது. அதை எந்தக் காலத்திலும் வாயில் உணவோ தண்ணீரோ இருக்கும்போது செய்யவே கூடாது.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். இந்தப் பயிற்சிகளுக்கான ஆதாரம் பெரும்பாலும் பக்கவாதம், தொண்டைப் புற்றுநோய் நோயாளிகளிடமிருந்து வந்தது. ஐ.சி.யூ. நோயாளிகளிடம் செய்த ஆய்வுகள் இன்னும் குறைவு, சிறியவை. சில இடங்களில் வாய் ட்யூப் இருக்கும்போதே வாய்க்குள் மசாஜ், குளிர் தூண்டுதல் என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். பலன் நம்பிக்கை தருவதாகத்தான் இருக்கிறது. என் கருத்தில், நினைவு திரும்பிய நாளிலிருந்தே தொடங்க வேண்டும், நாளுக்கு ஒரு முறை தெரபிஸ்ட் வந்து போவது போதாது. மிச்ச வேளைக்கு ஆள் வேண்டும், அந்த ஆள் வீட்டு மனிதராக இருந்தால் நல்லது. அதற்குத்தான் அம்மாவைத் திரும்பக் கூப்பிடுங்கள் என்றேன்.

அம்மா செய்ய வேண்டிய முதல் வேலை வாயைச் சுத்தம் செய்வது. இதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். எச்சில் எப்படியும் கொஞ்சம் கசியத்தான் செய்யும். அது சுத்தமான வாயிலிருந்து கசிந்தால் நுரையீரல் பெரும்பாலும் சமாளித்துவிடும், அழுக்கு வாயிலிருந்து கசிந்தால் நிமோனியா வர வாய்ப்பு அதிகம். அப்பாவுக்கு வெற்றிலை பாக்கு பழக்கம் இருந்தால் ஈறும் பல்லும் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். காலை மாலை மென்மையான பிரஷ்ஷால் பல், ஈறு, நாக்கு எல்லாவற்றையும் தேய்க்க வேண்டும். பக்கத்தில் சிஸ்டர் சக்ஷன் வைத்து உறிஞ்ச வேண்டும். இடையிடையே ஈரப்பஞ்சை நன்றாகப் பிழிந்துவிட்டு உள்ளே துடைக்கலாம். தாகம் தாகம் என்று அவர் கை காட்டுவதில் பாதி, வாய் காய்ந்து கிடப்பதால்தான். உதட்டில் தேங்காய் எண்ணெயோ வாஸ்லினோ லேசாகத் தடவுங்கள். தீர்த்தத்தை நெற்றியில் வைத்துவிடட்டும், வாய்க்குள் வேண்டாம். சுனைத் தண்ணீர் காய்ச்சாதது என்பதும் ஒரு காரணம்.

இரண்டாவது, நிமிர்த்தி உட்கார வைப்பது. படுத்தபடி எச்சிலை விழுங்கிப் பாருங்கள், எவ்வளவு சிரமம் என்று தெரியும். டாக்டர் அனுமதித்தால் பயிற்சி நேரத்தில் நன்றாக நிமிர்ந்து உட்கார வையுங்கள், முதுகுக்கும் பக்கவாட்டிலும் தலையணை கொடுங்கள். மற்ற நேரத்திலும் கட்டிலின் தலைமாடு 30 முதல் 45 டிகிரி உயர்ந்தே இருக்கட்டும். மூக்கு ட்யூபில் கஞ்சி விடும்போதும் விட்ட பிறகு ஒரு மணி நேரமும் தட்டையாகப் படுக்க வைக்காதீர்கள், வயிற்றில் இருப்பது மேலே எதுக்களித்து வரும்.

பயிற்சியைக் கஞ்சி விட்ட உடனே செய்ய வேண்டாம். தூக்கக் கலக்கத்திலும் வேண்டாம். பத்துப் பதினைந்து நிமிடமாக நாளில் சில முறை செய்தால் போதும், ஒரே மூச்சில் அரை மணி நேரம் வாட்டுவதை விட அது நல்லது. நடுவில் மூச்சு வேகமானால், வியர்த்தால், மானிட்டரில் ஆக்சிஜன் அளவு இறங்கினால், கழுத்து ட்யூபில் சளி கொப்பளித்தால் நிறுத்திவிட்டு சிஸ்டரைக் கூப்பிடுங்கள். எந்த எண்ணுக்குக் கீழே இறங்கினால் கூப்பிட வேண்டும் என்று முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த கட்டம் டாக்டர்கள் கையில் இருக்கிறது. அதைக் கேட்டு வாங்குவது உங்கள் உரிமை. காலை ரவுண்ட்ஸில் இதைக் கேளுங்கள்: ‘பலூனில் காற்றை எப்போது இறக்கிப் பார்ப்பீர்கள்? பேசும் வால்வு போட முடியுமா?’ பலூன் காற்றை இறக்கி, ட்யூபின் வாயில் ஒருவழி வால்வு மாட்டினால், மூச்சை உள்ளே இழுப்பது கழுத்து வழி, வெளியே விடுவது தொண்டை வழி என்று மாறும். குரல் வரும், வாசனை தெரியும், இருமலுக்கு அழுத்தம் கிடைக்கும், பலருக்கு விழுங்குவதும் மேம்படும். காற்றை இறக்காமல் அந்த வால்வை மாட்டினால் மூச்சு வெளியேற வழியே இருக்காது, உயிர் போய்விடும். ஆகவே அதை வீட்டார் யாரும் தொடக் கூடாது.

அப்புறம் சோதனை. நீல நிறச் சாயம் கலந்த ஒரு துளியை வாயில் கொடுத்து, கழுத்து ட்யூப் சக்ஷனில் நீலம் வருகிறதா என்று பார்ப்பார்கள். வந்தால் உள்ளே இறங்குகிறது என்று அர்த்தம். வராவிட்டாலும் நூறு சதவீதம் நம்பிவிட முடியாது. இதைவிட நல்லது, மூக்கு வழியாக மெல்லிய கேமரா விட்டு, விழுங்கும்போது தொண்டைக்குள் நடப்பதை நேரில் பார்ப்பது. 1988-இலிருந்து இந்த முறை உலகில் உண்டு. கட்டிலிலேயே செய்துவிடலாம், கதிர்வீச்சு கிடையாது. உங்கள் ஆஸ்பத்திரியில் வசதி இல்லாவிட்டால் வேறு பெரிய ஆஸ்பத்திரியின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் விசாரிக்கச் சொல்லுங்கள். எந்த நாளில் மறுபடி சோதிப்போம் என்று தேதி சொல்லாமல் வெறுமனே ‘வாயில் ஒன்றும் வேண்டாம்’ என்பதை நான் சிகிச்சையாக ஏற்பதில்லை. வாய் சும்மா இருக்கும் ஒவ்வொரு வாரமும் தசை இன்னும் கரைகிறது.

கழுத்து ட்யூப் இருக்கும் வரை சாப்பிடவே முடியாது என்றும் நினைக்க வேண்டாம். ட்யூபோடு சாப்பிடுகிறவர்கள் நிறையப் பேர். சோதனையில் பாதுகாப்பு என்று தெரிந்தால், சுத்தம் செய்த வாயில் சின்ன ஐஸ் துண்டு, பிறகு அரை டீஸ்பூன் கெட்டியான கூழ் என்று தெரபிஸ்ட் முன்னால் தொடங்குவார்கள்.

இங்கே நம் வழக்கங்கள் இரண்டு குறுக்கே நிற்கும். ஒன்று, அண்ணாந்து குடிப்பது. தலையை அண்ணாந்தால் மூச்சுக்குழாயின் வாசல் விரியும், தண்ணீர் நாக்கின் பிடியில் நிற்காமல் ஓடிவிடும். விழுங்கக் கஷ்டப்படுகிறவருக்கு அதைவிட மோசமான முறை இல்லை. மற்றது, பாலாடையில் (குழந்தைக்குப் பால் புகட்டும் மூக்கு வைத்த சின்னக் கிண்ணம்) ஊற்றிவிடுவது. ஊற்றுகிறவர் வேகத்துக்கு அவர் விழுங்க வேண்டியிருக்கும். ஸ்பூனை உதட்டருகே கொண்டுபோங்கள், அவரே வாய் திறந்து வாங்கிக்கொள்ளட்டும். ஒரு வாய் முழுதாக இறங்கிய பிறகே அடுத்தது.

நோயாளிக்கு நீராகாரம் என்பது நமக்கு ஊறிப்போனது. இவருக்கு அது தலைகீழ். தண்ணீர், இளநீர், மோர், ரசம் எல்லாம் தொண்டை கேட்டைப் போடும் முன்பே பாய்ந்துவிடும். நீரும் பருக்கையும் கலந்தவை இன்னும் சிக்கல்: பழைய சோறு, சாம்பாரில் மிதக்கும் இட்லி, நம் ஊர் ஜிகர்தண்டா. வாய் ஒரே நேரத்தில் இரண்டு விதமாக வேலை செய்ய வேண்டியிருக்கும். ஐஸ்கிரீம் கெட்டியாகத் தெரிந்தாலும் வாயில் உருகித் தண்ணீராகிவிடும். கட்டியில்லாமல் கிண்டிய கேழ்வரகுக் கூழ், நன்றாக மசித்த மலைவாழைப்பழம், குழைத்துக் கடைந்த பருப்புச் சாதம், கெட்டித் தயிர் போன்றவற்றில்தான் வழக்கமாகத் தொடங்குவோம். எவ்வளவு கெட்டி என்பதற்கு 0 முதல் 7 வரை உலகம் முழுக்க ஒரே எண் முறை இருக்கிறது. பானத்தின் கெட்டித் தன்மையை 10 மில்லி சிரிஞ்ச் வைத்தே பார்க்கலாம்: நிரப்பி, அடியைத் திறந்து 10 வினாடி ஒழுகவிட்டால் எவ்வளவு மிச்சம் நிற்கிறது என்பதுதான் கணக்கு. உங்கள் தெரபிஸ்ட் எந்த எண் என்று சொல்லி, ஒரு முறை செய்தும் காட்டட்டும்.

எவ்வளவு நாளாகும் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அதுதான் மனதில் இருக்கும். அப்பாவைப் போல நுரையீரல் கடுமையாகப் பாதித்து வாய் ட்யூபோடு இருந்து பிழைத்தவர்களை ஐந்து ஆண்டு தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று உண்டு. மூன்றில் ஒருவருக்கு ஆஸ்பத்திரியை விட்டுப் போகும்போது விழுங்குவதில் தொல்லை இருந்தது. அவர்களில் கிட்டத்தட்ட கால் பங்குப் பேருக்கு ஆறு மாதத்துக்கு மேல் நீடித்தது. ஐந்து ஆண்டு முடிவில் எல்லோருக்குமே சரியாகியிருந்தது. பல வாரம் ஆகும் என்று தோன்றினால் மூக்கு ட்யூபுக்குப் பதிலாக வயிற்றில் சின்ன ட்யூப் வைக்கலாம் என்பார்கள். பயப்பட வேண்டாம், வாய்வழிச் சாப்பாடு திரும்பியதும் அதை எடுத்துவிடலாம்.

சித்தப்பாவிடம் சொல்லுங்கள்: வீட்டுக்குக் கூட்டிப் போவதில் தவறில்லை, சாப்பிட வைப்பதற்காகக் கூட்டிப் போவதுதான் தவறு. கழுத்து ட்யூபோடு போவதாக இருந்தால் சக்ஷன் மெஷின், கரண்ட் போனால் ஓட மாற்று ஏற்பாடு, அதே அளவில் ஒன்றும் ஒரு அளவு சிறியதாக ஒன்றும் உபரி ட்யூப், இவையெல்லாம் வீட்டில் இருக்க வேண்டும். சக்ஷன் போடவும், ட்யூபுக்குள் கழற்றி மாட்டும் உள்குழாய் இருந்தால் அதைக் கழுவவும் உங்களில் இரண்டு பேராவது சிஸ்டர் முன்னால் செய்து பழகிய பிறகு கிளம்புங்கள். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே பிசியோதெரபி வரும், உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிந்து வையுங்கள், உட்காரவும் நடக்கவும் தெம்பு வர உதவும். விழுங்கும் பயிற்சிக்கு மட்டும் மதுரைக்கு வந்து போக வேண்டியிருக்கும். வீட்டில் காய்ச்சல் வந்தாலோ, சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறி நாற்றம் வந்தாலோ, கழுத்து ட்யூபிலிருந்து கஞ்சி நிறத்தில் ஏதாவது வந்தாலோ அன்றே ஆஸ்பத்திரிக்கு வாருங்கள். மூச்சு இழுத்தாலோ, அவர் வழக்கத்துக்கு மாறாக மயங்கித் தூங்கினாலோ விடியட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.